மித்ராவிடம் திருடியதா கிறித்தவம்? கேள்வியைச் சரியாகக் கேட்போம்

டிசம்பர் பிறந்தால் போதும், நம் தோழர்களின் கைபேசிகளில் ஒரே செய்தி சுற்றத் தொடங்கிவிடுகிறது. ஏசுவுக்கு முன்பே மித்ரா என்ற கடவுள் டிசம்பர் 25 அன்று கன்னிக்குப் பிறந்தானாம். அவனுக்கும் 12 சீடர்களாம். அவனும் மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தானாம். ஆகவே கிறித்தவம் என்பது களவாடிய மதமாம். சில ஆண்டுகளில் மித்ராவின் இடத்தில் எகிப்தின் ஹோரஸ் வருவான். சில ஆண்டுகளில் கிருஷ்ணனே வந்துவிடுவான்.

இதை அனுப்புகிறவர்கள் இரண்டு வகை. ஒருவர், கருப்புச் சட்டை அணிந்து நம்மோடு போராட்டக் களத்துக்கு வருகிற பகுத்தறிவுத் தோழர். இன்னொருவர், 'அந்நிய மதம்' என்று சொல்லிச் சேரியில் இருக்கும் ஜெபக்கூடத்தைப் பூட்டச் சொல்கிறவர். எதிரெதிர் முகாம்களில் நிற்கும் இருவர் கையிலும் ஒரே துண்டறிக்கை எப்படி வந்தது என்று நாம் யோசிக்க வேண்டாமா?

மறுபுறம் திருச்சபையின் பதில் என்ன? 'நம் மறை வானத்திலிருந்து நேராக இறங்கியது, எந்தப் புறமதத்திடமும் எதையும் பெறவில்லை' என்பதுதான். இதுவும் உண்மையல்ல.

தென் மாவட்டம் ஒன்றில், காலனி ஒன்றில் நடந்த வாசிப்புக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்து கேட்டார்: "தம்பி, எங்க சாமி காப்பியடிச்ச சாமின்னே இருக்கட்டும். கல்லறையில எங்களுக்குத் தனி இடம்னு சுவரு வச்சிருக்காங்களே, அத எங்கேருந்து காப்பியடிச்சாங்க?"

கூட்டத்தில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

முதலில் பொய்யைக் கழிப்போம்

ரோமப் பேரரசில் பரவிய மித்ராஸ் வழிபாட்டுக்கான தொல்லியல் சான்றுகள் கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியிலிருந்துதான் தென்படுகின்றன. அந்தச் சிற்பங்களில் மித்ராஸ் எந்தக் கன்னிக்கும் பிறக்கவில்லை. பாறையைப் பிளந்துகொண்டு வெளிவருகிறான். அவனுக்குப் பன்னிரண்டு சீடர்கள் கிடையாது. அவனைச் சுற்றிச் செதுக்கப்பட்டிருப்பவை பன்னிரண்டு ராசிகள். அவன் செத்து உயிர்த்தெழுந்ததாகக் கதையும் இல்லை. அவன் ஒரு காளையைக் கொல்கிறான், அதுதான் அந்த வழிபாட்டின் மையச் சித்திரம். ஹோரஸின் கதையும் அப்படியே. கொல்லப்பட்ட கணவன் ஓசிரிஸின் உடலைத் தேடிச் சேர்த்து அவனால் கருவுறுகிறாள் ஐசிஸ். இதில் கன்னி எங்கிருந்து வந்தாள்?

பகுத்தறிவுத் தோழர்களிடம் உரிமையோடு சொல்கிறோம்: சரிபார்க்காத கதையைப் பரப்புவது பகுத்தறிவு ஆகாது. நாளை ஒரு செமினரி மாணவர் இந்தப் பொய்யை ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடுவார். அதோடு, நீங்கள் சொல்ல வந்த உண்மையும் உடைந்துபோகும்.

உண்மையான கடன்கள்

ஏனென்றால் கடன் உண்மையிலேயே இருக்கிறது, நிறையவே இருக்கிறது.

ஏசு யூதர். அவரைப் பின்பற்றிய முதல் கூட்டமும் யூதக் கூட்டமே. அந்த யூத மரபே பல மண்ணின் சேறு படிந்த ஆறு. 1872 இல் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த களிமண் பலகை ஒன்றைப் படித்து அறிவித்தபோது லண்டனே அதிர்ந்தது. பெருவெள்ளம், மரக்கலம், கரை தேட விடப்பட்ட பறவைகள் என்று நோவா கதையின் உறுப்புகள் எல்லாம் பாபிலோனியரின் கில்கமேஷ் காவியத்தில் இருந்தன.

கி.மு. 586 வாக்கில் எருசலேம் வீழ்ந்து, யூதர்கள் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். கி.மு. 539 இல் பாரசீக மன்னன் சைரஸ் பாபிலோனைப் பிடித்தான். அதன்பின் சுமார் இருநூறு ஆண்டுகள் யூதர்கள் பாரசீக ஆட்சியில் வாழ்ந்தார்கள். இறந்தோர் எழுவர், இறுதித் தீர்ப்பு வரும், நன்மைக்கும் தீமைக்கும் இடையே போர் நடக்கிறது என்ற எண்ணங்கள் அதற்குப் பிந்தைய யூத எழுத்துகளில்தான் தெளிவாகத் திரள்கின்றன. பாரசீகரின் ஜரதுஷ்டிர மதத்தின் தாக்கம் இதில் உண்டு என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஒரு சொல் மட்டும் விவாதத்துக்கு அப்பாற்பட்ட சாட்சி. சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு ஏசு வாக்களித்த இடத்தைத் தமிழ் விவிலியம் 'பரதீசு' என்கிறது. அது பழைய ஈரானியச் சொல். அதன் வேர்ப்பொருள் என்ன தெரியுமா? சுற்றிலும் சுவர் எழுப்பிய இடம். இந்தப் பொருளை மனதில் வையுங்கள், பிறகு திரும்பி வருவோம்.

டிசம்பர் 25 என்ற தேதி நற்செய்தி நூல்களில் எங்கும் இல்லை. கி.பி. 274 இல் ரோமப் பேரரசன் அவ்ரேலியன், 'வெல்லப்படாத சூரியன்' என்ற தெய்வத்துக்குக் கோயில் எடுத்தான். 354 இல் தொகுக்கப்பட்ட ரோம நாட்காட்டி ஆவணத்தில் சூரியனின் பிறந்த நாளும் கிறிஸ்துவின் பிறந்த நாளும் ஒரே தேதியில் நிற்கின்றன. சூரிய விழாவைத் திருச்சபை தனதாக்கியது என்பார் சிலர். மார்ச் 25 இல் மரியாள் கருவுற்றதாகக் கணக்கிட்டு ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்பார் வேறு சிலர். எப்படியானாலும் அது ஏசுவின் பிறப்புச் சான்றிதழில் இருந்த தேதி அல்ல. பாலூட்டும் மரியாளின் படங்களுக்குப் பின்னால், குழந்தை ஹோரஸுக்குப் பாலூட்டும் ஐசிஸின் சிலைகள் நிற்பதும் கண்ணுள்ளவர்க்குத் தெரியும்.

சரி, கடன் வாங்கியிருக்கிறார்கள். அதனால் என்ன? கடன் வாங்காத மதம் எது? மித்ராவை எடுத்துக்காட்டி 'அந்நிய மதம்' என்று கூவுகிறவர்களுக்கு ஒரு தகவல். ரிக் வேதத்தின் மித்ரன், வருணன், இந்திரன் பெயர்கள் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்று கங்கைக் கரையில் இல்லை. இன்றைய துருக்கியில், கி.மு. 14 ஆம் நூற்றாண்டின் ஓர் ஒப்பந்தப் பலகையில் இருக்கிறது. அந்நியம் என்ற அளவுகோலை எடுத்தால் அது முதலில் உங்கள் வீட்டு வாசலைத்தான் அளக்கும்.

'திருட்டு' என்று சொன்னவன் யார்?

கிறித்தவம் திருடிய சரக்கு என்று நமக்குத் தெரிந்தவரை முதன்முதலில் விரிவாக எழுதியவன் கெல்சுஸ். கி.பி. 178 வாக்கில் எழுதினான். அவனுடைய நூல் அப்படியே கிடைக்கவில்லை. ஆனால் 248 வாக்கில் ஓரிகன் என்ற கிறித்தவ அறிஞர் அதற்கு வரிக்கு வரி மறுப்பு எழுதியதால், அவன் என்ன சொன்னான் என்பது நமக்குத் தெரிகிறது. ஊசியின் காதில் ஒட்டகம் நுழைவது எளிது, செல்வன் விண்ணரசில் நுழைவது கடினம் என்ற பொருளில் ஏசு பேசியதைக்கூட, பிளேட்டோவிடம் எடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்றான் அவன்.

அதே கெல்சுஸின் இன்னொரு குற்றச்சாட்டு என்ன தெரியுமா? இந்த மதத்தைப் பரப்புகிறவர்கள் கம்பளி நூற்பவர்கள், செருப்புத் தைப்பவர்கள், துணி வெளுப்பவர்கள், எழுத்தறிவற்றவர்கள். அறிவுள்ள பெரியவர்கள் முன்னால் வாய் திறக்க மாட்டார்கள். பெண்களையும் சிறுவர்களையும் தனியே பிடித்துப் பேசுவார்கள். அடிமைகளும் மடையர்களும்தான் இதில் சேருவார்கள்.

தோழர்களே, இந்தப் பேச்சு எங்கோ கேட்டது போல் இல்லையா? 'அரிசிக்கு மதம் மாறினவன்', 'உனக்கு என்னடா வேதம் தெரியும்' என்று நம் பாட்டன்மார் கேட்ட அதே குரல். 'உன் சாமி இரவல் சாமி' என்பதும் 'நீ செருப்புத் தைப்பவன்' என்பதும் கெல்சுஸின் வாயில் ஒரே வசவுதான். ஞானம் மேலோரின் சொத்து, அது கீழோர் கையில் இருந்தால் திருடியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். ஆகவே இந்த வாதத்தைக் கையில் எடுக்கும்போது, அது யார் பட்டறையில் செய்த ஆயுதம் என்று நாம் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரவல் பட்டத்தை எங்கே சூட்டினார்கள்?

அந்தச் செருப்புத் தைப்பவர்கள் வாங்கிய கடன்களில் ஒன்று மிக முக்கியமானது. 'கடவுளின் மகன்', 'மீட்பர்', 'நற்செய்தி' ஆகிய சொற்கள் அன்று யாருடையவை? ரோமப் பேரரசன் அகஸ்டஸ் தன்னைக் கடவுளின் மகன் என்று நாணயத்தில் அச்சிட்டான். அவன் பிறந்த நாள் உலகுக்கு நற்செய்தியின் தொடக்கம் என்று கி.மு. 9 ஆம் ஆண்டின் பிரியேனே கல்வெட்டு சொல்கிறது. அந்தப் பட்டங்களை ஏசுவின் கூட்டம் எடுத்துக்கொண்டு போய், அதே பேரரசு கொன்றுபோட்ட ஒரு தச்சன் தலையில் சூட்டியது.

எப்படிக் கொன்றது? சிலுவையில். ரோமில் சிலுவை என்பது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய சாவு. கி.மு. 71 இல் ஸ்பார்ட்டகஸ் தலைமையிலான அடிமைகள் எழுச்சியை நசுக்கியபின், கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் 6,000 பேரைச் சிலுவையில் தொங்கவிட்டார்கள். நல்ல குடியில் பிறந்தவர்கள் அந்தச் சொல்லை உச்சரிக்கவே கூசினார்கள். அப்படிச் செத்த ஒருவரைக் கடவுள் என்று கும்பிடுவதை எந்த மித்ராவிடமும் எந்த ஹோரஸிடமும் கடன் வாங்க முடியாது.

கி.பி. 112 வாக்கில் பித்தினியாவின் ஆளுநர் பிளினி பேரரசனுக்கு ஒரு கடிதம் எழுதினான். கிறித்தவர்கள் விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள், பிறகு கூடி எளிய உணவு உண்கிறார்கள், உண்மையை அறிய அவர்களில் பணிவிடைக்காரிகள் எனப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தேன் என்கிறான். கிறித்தவம் பற்றி ரோம அதிகாரி ஒருவர் எழுதிக் கிடைக்கும் மிகப் பழைய சாட்சி இதுதான். சபையில் பொறுப்பு வகித்த இரண்டு அடிமைப் பெண்கள் அதில் இருக்கிறார்கள். பெயர்கூட எழுதப்படாத அந்த இருவரை எந்த மறையுரையில் நினைவுகூர்கிறீர்கள்?

அரண்மனையில் வாங்கிய கடன்

ஆனால் தொடக்ககாலத்தைத் தங்கமுலாம் பூசிப் பார்ப்பதும் நம் வேலையல்ல. ஏசு இறந்து இருபத்தைந்து ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், கொரிந்து நகரச் சபையில் வசதி படைத்தவர்கள் முதலில் வந்து உண்டு குடித்துவிட, வேலை முடிந்து வந்த ஏழைகள் பசியோடு நின்றார்கள். அதைக் கண்டித்துப் பவுல் எழுதிய திருமுகம் இன்றும் விவிலியத்தில் இருக்கிறது. பந்தியில் பிரிவினை அன்றே தொடங்கிவிட்டது.

அடுத்து வந்தது இன்னும் பெரிய கடன். மனைவியே கணவனுக்கு, பிள்ளையே தந்தைக்கு, அடிமையே ஆண்டானுக்குக் கீழ்ப்படி என்ற வரிசை கொலோசையருக்கும் எபேசியருக்கும் எழுதப்பட்ட திருமுகங்களில் வருகிறது. இந்த மூன்று ஜோடிகளும் எங்கிருந்து வந்தன? அதற்குச் சில நூறு ஆண்டுகள் முன்பே, குடும்பம் என்றால் இந்த மூன்று உறவுகள்தான் என்று அரிஸ்டாட்டில் தன் 'அரசியல்' நூலில் வகுத்து வைத்திருந்தான். அடிமையும் இல்லை, சுதந்திரனும் இல்லை என்று கலாத்தியருக்கு எழுதிய அதே மரபு, ஆண்டான்களின் வீட்டுச் சட்டத்தை வேதமாக்கிக்கொண்டது. இதுதான் உண்மையான இரவல். டிசம்பர் மாதச் செய்திகளில் இதைப் பற்றி ஒரு வரி வந்து பார்த்திருக்கிறீர்களா?

நான்காம் நூற்றாண்டில் கணக்கு முழுதாகத் தலைகீழானது. 313 இல் கான்ஸ்டன்டைன் தன் சக பேரரசன் லிசினியஸோடு சேர்ந்து கிறித்தவத்துக்கு உரிமை தந்தான். 321 இல் சூரியனின் நாளை ஓய்வுநாள் ஆக்கினான். 325 இல் நிசேயாவில் ஆயர்களைத் தானே கூட்டினான். பசிலிக்கா என்பது ரோமரின் நீதிமன்ற, வணிக மண்டபத்தின் பெயர். மறைமாவட்டம் என்று நாம் சொல்வதன் மூலச் சொல்லான டயோசிஸ், டயோக்ளீசியன் காலத்து அரசு நிர்வாகப் பிரிவின் பெயர். கிறித்தவர்களை வேட்டையாடிய பேரரசன் அவன்! ரோமின் பழைய பூசாரிகளின் தலைவனுக்குரிய பட்டம் பிற்பாடு போப்பின் பட்டமானது. 380 இல் கிறித்தவமே அரச மதமானது. ஆனால் அடிமைமுறை அப்படியே இருந்தது. ரோமில் புனித கிளமென்ட் ஆலயத்துக்கு அடியில் இறங்கிப் போனால், மண்ணுக்குள் மித்ராஸ் கோயில் ஒன்று இருக்கிறது. ஒருவர் கோயில் மேல் இன்னொருவர் கோயில்!

அடிமையின் தலையில் சூட்டிய பட்டத்தைக் கழற்றி மீண்டும் பேரரசன் தலையிலேயே வைத்துவிட்டார்கள்.

பாட்டியின் கேள்விக்குப் பதில்

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1606 இல் மதுரைக்கு வந்தார் ராபர்ட் தெ நொபிலி. காவி உடுத்தார், பிராமணச் சந்நியாசியைப் போல் வாழ்ந்தார். மேல்சாதியாருக்குத் தனிக் கோயில் வைத்தார். பூணூலும் குடுமியும் சந்தனமும் சமயச் சின்னங்களல்ல, வெறும் சமூக வழக்கம் என்று வாதாடினார். 1623 இல் போப் 15 ஆம் கிரகோரி அவற்றை அனுமதித்தார். புறமதத்திடம் எதையும் பெறவில்லை என்று மார்தட்டும் திருச்சபையே, பூணூலை யாரிடம் பெற்றாய்?

பூணூல் வந்தால் தீட்டும் வரும். சாகக் கிடக்கும் பறையரின் குடிசைக்குள் போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க மறைப்பணியாளர்கள் மறுத்த நிலை இங்கே இருந்தது. மறுக்கக் கூடாது என்று 1704 இல் போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஆணையிட வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பின் 1744 இல் ரோம் கண்ட தீர்வு என்ன? பறையருக்கென்று தனிக் குருக்கள்! தீட்டை ஒழிக்கவில்லை, அதற்கு ஒரு துறை ஏற்படுத்தினார்கள்.

வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிக்குச் சாதி பிரிக்கும் சுவர் இருந்தது. பிள்ளை, முதலியார் ஒருபுறம், நாடார் மறுபுறம். 1910 இல் அது இடிக்கப்பட்டபோது, சுவரைத் திருப்பிக் கட்டித் தரவேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். சிலுவையில் தொங்கியவனுக்காக அல்ல, சுவருக்காக வழக்காடினார்கள். அந்தச் சுவரின் மறுபுறம் நின்றவர்களில் எத்தனை பேர் பிற்பாடு நமக்கு எதிரான சுவர்களில் கை வைத்தார்கள் என்பதையும் சேர்த்தே கேட்போம்.

பாட்டிக்கு இப்போது பதில் சொல்லலாம். அம்மா, உங்கள் கல்லறைச் சுவரைப் பாபிலோனிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் எடுக்கவில்லை. ஊரிலிருந்து எடுத்தார்கள். ஊருக்கும் சேரிக்கும் நடுவே பார்ப்பனியம் போட்ட கோட்டைச் சுண்ணாம்பும் கல்லும் வைத்துக் கட்டினார்கள். 'பரதீசு' என்ற சொல்லின் வேர்ப்பொருளை மட்டும் இவர்கள் தவறாமல் நிறைவேற்றியிருக்கிறார்கள்!

செருப்புத் தைப்பவரின் வழக்கு

திருச்சபை இப்படி என்றால் அரசு எப்படி? 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக முடியாது என்றது. 1956 இல் சீக்கியரையும் 1990 இல் பவுத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறித்தவரும் தலித் முஸ்லிமும் வெளியே நிற்கிறார்கள். சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவர், மற்ற செருப்புத் தொழிலாளர்களுக்குத் தந்தது போல் தனக்கும் ஒரு கடைப்பெட்டி வேண்டும் என்று உச்சநீதிமன்றம் வரை போனார். 1985 இல் அது தள்ளுபடி ஆனது. மதம் மாறிய பிறகும் அதே அளவுக் கொடுமை தொடர்வதற்குப் போதிய சான்று இல்லையாம்.

செருப்புத் தைப்பவனுக்கு என்ன மதம் என்றான் கெல்சுஸ். உனக்கு அந்த மதம் என்றால் செருப்புத் தைக்கிற பெட்டி கிடையாது என்றது நம் அரசு. இடையில் 1,800 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன.

'அந்நிய மதத்தில் சாதி ஏது, சலுகை எதற்கு?' என்று கேட்பவர்களும் 'எங்களிடம் சாதி இல்லை' என்று வாடிகன் மேடையில் பேசுபவர்களும் சேர்ந்துதான் அந்தப் பெட்டியைப் பறித்தார்கள். சாதி இல்லை என்ற பொய்யை மறைமாவட்டங்கள் சொல்லச் சொல்ல, சான்று இல்லை என்று நீதிமன்றம் எழுதிக்கொண்டே போகும்.

அண்ணல் அம்பேத்கர் மதங்களை எடைபோட்டபோது எது பழையது, எது சுயமானது என்று பார்க்கவில்லை. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் இவற்றை ஏற்கிறதா என்று பார்த்தார். மதம் மாறியும் சாதி மாறாத இந்தியக் கிறித்தவத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. அந்த அளவுகோல்தான் நமக்கும். மித்ராவோடு உறவா இல்லையா என்பதை ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பூணூலோடு உனக்கு என்ன உறவு என்பதே நாம் திருச்சபையிடம் கேட்பது.

ஆகவே இந்தக் கிறிஸ்துமசுக்கு மூன்று கேள்விகளை உங்கள் பங்கில், உங்கள் சபையில் எழுந்து நின்று கேளுங்கள். நம் கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருக்கிறதா, எந்தத் தேதியில் இடிக்கப்படும்? திருவிழாத் தேர் நம் தெருவுக்குள் வருமா, வராதா? பங்குப் பேரவையிலும் சபையின் பள்ளி, கல்லூரி வேலைகளிலும் நம்மவர் எத்தனை பேர், பெயரோடு பட்டியல் தருவார்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னால் போதாது, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். நாளை சான்று இல்லை என்று நீதிமன்றம் சொல்லும்போது எடுத்து வைக்க அது வேண்டும்.

ஜெய் பீம்!